மாதம் மூன்று இலட்சம் சம்பளம், கையில் மிஞ்சுவது 14,000: இலண்டன் வேலை வந்தால் நாங்கள் பணக்காரரா?

வெள்ளவத்தை மாடிவீடு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது. கொழும்புக் கோட்டையில் ஒரு கம்பனியில் கணக்காளராக வேலை செய்கிறேன். சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் கோப்பாய். கல்யாணம் முடித்த நாளிலிருந்து வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். போன கிழமை இலண்டனிலிருந்து வேலைக் கடிதம் ஒன்று வந்தது. வருஷத்துக்கு 50,000 பவுண். ஒரு பவுணை 400 ரூபா என்று வைத்தால் இரண்டு கோடி. அந்தத் தொகையைச் சொன்னதும் அம்மா போனிலேயே அழுதுவிட்டார். பதில் சொல்ல எனக்கு இரண்டு கிழமைதான் தந்திருக்கிறார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் இதே சந்தோஷத்தை நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். என் சம்பளம் மூன்று இலட்சம் ஆனபோது, "இனி உனக்கென்ன குறை" என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

கணக்கை அப்படியே எழுதுகிறேன். 300,000இல் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 24,000 போகிறது. வருமான வரி 18,500. முத்திரைக்கு 25 ரூபா. கைக்கு வருவது 257,475. என் கணவர் வீட்டில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறார். ரியூசன் காசு நல்ல மாதத்தில் 60,000 வரும். ஏப்ரல், டிசம்பர் மாதங்களில் பாதிகூட வராது. நல்ல மாதத்தையே எடுப்போம்: 317,475.

வாடகை 110,000. மாடிவீட்டுப் பராமரிப்புக்கு 8,000. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நாலு. தவணைக் கட்டணத்தை மாதமாகப் பிரித்து, மொண்டிசூரியையும் ஸ்கூல் வானையும் சேர்த்தால் 54,000. சாப்பாட்டுக்கு 75,000. இதில் நான் ஊதாரித்தனம் செய்யவில்லை. சனிக்கிழமைகளில் இவர் 101ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போய்த்தான் பருப்பு, சீனி, வெங்காயம், கிழங்கு எல்லாம் வாங்கி வருகிறார். கரண்ட், தண்ணீர், காஸ், இன்டர்நெட், போன் எல்லாமாக 24,000. ஊரில் அப்பாவின் மருந்துக்கு 20,000. போக்குவரத்துக்கு 12,000. எனக்கு ரயில் சீசன் இருப்பதால் வேலைக்குப் போய்வரப் பெரிதாகச் செலவில்லை. மழை நாளில் பிள்ளைகளோடு ஓட்டோ பிடிப்பதுதான் செலவு. கூட்டிப் பார்த்தால் 303,000.

மிச்சம் 14,475. ஒரு கல்யாண வீடு, ஒரு காய்ச்சல், ஒரு சோடி சப்பாத்து. அத்தோடு சரி.

இந்த வீட்டுக்கு ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார்கள். 660,000 ரூபாவுக்கு நான் சீட்டுக் கட்டி எடுத்துத்தான் கொடுத்தேன். மூன்று இலட்சம் சம்பளக்காரி சீட்டுக் காசில் வீடு எடுத்தாள் என்று ஊரில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019இல் என் சம்பளம் 120,000. அப்போது வாடகை 50,000. மாதம் 30,000 தவறாமல் வங்கியில் போட்டேன். அதன்பிறகு சம்பளம் இரண்டரை மடங்காகிவிட்டது. மிச்சம் பாதியாகிவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி ஏற்றம் வருஷத்துக்கு 70 வீதத்தைத் தொட்டது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிறகு ஏற்றம் நின்றது உண்மைதான். ஆனால் ஏறிய விலை அப்படியே அங்கே குந்திக்கொண்டது. ஏற்றம் நின்றால் விலை இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

இதற்குள் என் தம்பியின் கதை. அவன் கோப்பாயில் அரச பாடசாலை ஆசிரியர். கைக்கு 65,000 அளவில் வரும். மனைவி தைப்பதில் ஒரு 20,000. அவன் மாதம் 25,000 சேமிக்கிறான்! போன வருஷம் வீட்டுக்கு இன்னொரு அறை இறக்கினான். அவன் வளவில் கிணறு இருக்கிறது, பத்துத் தென்னை, வேலியோடு முருங்கை. பிள்ளை நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம். நான் மாதம் எட்டு முறை காசு கொடுத்து வாங்குகிற தேங்காயை அவன் பொறுக்கி எடுக்கிறான். 2022இல் காஸ் இல்லாமல் நாங்கள் மூன்றாம் மாடியில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது, அவன் வீட்டில் விறகு எரிந்தது. அந்த நாட்களில் என் கையில் காசு இருந்தது, வாங்கப் பொருள் இருக்கவில்லை.

இதனால்தான் கேட்கிறேன். இரண்டு கோடி என்பது எனக்கு இன்னொரு மூன்று இலட்சமா? இலண்டனிலோ வேறு நாடுகளிலோ குடும்பத்தோடு இருப்பவர்கள் உங்கள் உண்மையான மாதக் கணக்கைச் சொன்னால் பெரிய உதவி. "வாருங்கள், நல்லாயிருக்கும்" என்று சொல்ல எனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது கணக்கு.

---

மட்டக்குளிப் பையன் எழுதியது:

அக்கா, கோபிக்க வேண்டாம். நான் ஒரு பொருட்களஞ்சியத்தில் வேலை. ஓவர்டைமோடு 58,000. அம்மாவும் தங்கச்சியும் நானும் அதில்தான் இருக்கிறோம். இந்த நாட்டில் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளமே 2025 ஏப்ரலில்தான் 27,000 ஆனது. நீங்கள் சொன்ன ஸ்கூல் செலவு எங்கள் வீட்டு முழுச் செலவு. உங்கள் கஷ்டம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருப்பது, பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் நீங்கள் எடுத்த முடிவு. எங்களுக்கு அந்த முடிவை எடுக்கவே வழியில்லை. அந்த வித்தியாசத்தையும் கணக்கில் போடுங்கள்.

---

ஹாரோவிலிருந்து எழுதியது:

தங்கச்சி, நான் 2009இல் இங்கே, இலண்டன் ஹாரோவுக்கு வந்தேன். ஒரு மனைவி, இரண்டு பிள்ளைகள், உங்கள் குடும்பம் மாதிரித்தான். நீங்கள் கேட்டபடி கணக்கையே தருகிறேன்.

50,000 பவுணில் முதல் 12,570க்கு வரி இல்லை. மிச்சத்துக்கு 20 வீதம் வருமான வரி, 8 வீதம் தேசியக் காப்புறுதி. வருஷத்துக்குக் கைக்கு வருவது ஏறக்குறைய 39,500. மாதம் 3,290 பவுண். பென்ஷன் திட்டத்தில் சேர்த்தால் இன்னும் குறையும். அதை இப்போதைக்கு விடுவோம்.

ஹாரோவில் இரண்டு அறை வீடு இப்போது 1,750க்குக் குறைந்து கிடைப்பது கஷ்டம். உள்ளூராட்சிக்குக் கட்டுகிற கவுன்சில் வரி எனக்கு 190 வருகிறது. இது வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும், வீட்டுக்காரர் இல்லை. கொழும்பிலிருந்து வருகிற எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள். கரண்டும் காஸும் சேர்ந்து 150, குளிர்காலத்தில் கூட. நீங்கள் நகரத்துக்குள் வேலைக்குப் போனால் ரயிலுக்கு 200க்கு மேல், 220 என்று வையுங்கள். நாலு பேருக்குச் சாப்பாடு 500. போன், இன்டர்நெட் 60. மொத்தம் 2,870. மிச்சம் 420 பவுண்.

அதாவது மாதம் 3,290 பவுண் சம்பளக்காரி 420 பவுணை வைத்துக்கொண்டு சப்பாத்து, குளிர் ஜக்கெட், ஊருக்குப் போகும் டிக்கெட் எல்லாம் பார்க்க வேண்டும். இங்கே அது நெருக்கமான வாழ்க்கை. ஒருமுறை பைப் உடைந்து ஆள் கூப்பிட்டால் அதில் கால்வாசி போய்விடும். சம்பளத்தை 400ஆல் பெருக்கும்போது செலவையும் 400ஆல் பெருக்கிப் பாருங்கள். பஸ்ஸில் ஒருதரம் ஏறினால் 1.75 பவுண், அது 700 ரூபா. நான் முடி வெட்டுவது 6,000 ரூபாவுக்கு. முதல் வருஷம் நான் ஒவ்வொன்றையும் இப்படிப் பெருக்கிப் பெருக்கித் தண்ணீர்ப் போத்தல்கூட வாங்காமல் அலைந்தேன். பிறகு பெருக்குவதை நிறுத்தினேன்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது பிழை. உங்கள் 54,000 ரூபா ஸ்கூல் செலவு இங்கே இல்லை. அரச பள்ளி இலவசம். இலண்டனில் அரச ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் 2023 செப்டெம்பரிலிருந்து மதியச் சாப்பாடும் இலவசம். நாலு வயது முடிந்த பிள்ளையை அடுத்த செப்டெம்பரில் ரிசெப்ஷன் என்கிற ஆரம்ப வகுப்பில் சேர்க்கலாம். வைத்தியருக்குக் காசு இல்லை. அத்தான் கணித ஆசிரியர் என்கிறீர்கள். இங்கே பள்ளிகளில் கணிதத்துக்கு ஆள் தட்டுப்பாடு. முழு ஆசிரியராக இங்குள்ள தகுதி எடுக்கக் காலம் பிடிக்கும், ஆனால் உங்கள் விசாவில் அவரும் வேலை செய்யலாம். இரண்டாவது சம்பளம் வருகிற நாளில்தான் இந்த ஊரில் மூச்சு வரும். எனக்கும் அப்படித்தான் வந்தது.

முக்கியமான ஒன்று. விசாவோடு சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். பெரியவருக்கு வருஷம் 1,035 பவுண், பிள்ளைக்கு 776. நாலு பேருக்கு மூன்று வருஷத்துக்கு 10,866 பவுண். ரூபாவில் 43 இலட்சம். விசாக் கட்டணமும் டிக்கெட்டும் வேறு. இதைக் கம்பனி கட்டுமா என்று கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். சில கம்பனிகள் வேலை செய்கிறவருக்கு மட்டும் கட்டுவார்கள், குடும்பத்துக்குக் கட்டமாட்டார்கள்.

---

ஷார்ஜா கணக்கர் எழுதியது:

நானும் கணக்காளர்தான். வேலை துபாயில், இருப்பது ஷார்ஜாவில், குடும்பம் மட்டக்களப்பில்.

இங்கே சம்பளத்துக்கு வரி இல்லை. திர்ஹம் டொலரோடு கட்டப்பட்ட காசு, ஒரு டொலருக்கு 3.67. அதனால் 2022இல் எனக்கு ஒரு விசித்திரமான விஷயம் நடந்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு திர்ஹம் 55 ரூபா. மே மாதம் அது 98. என் வேலை அதே வேலை, மேசை அதே மேசை. ஆனால் மூன்று நாலு மாதத்தில் ஊரில் என் சம்பளம் முக்கால்வாசிக்கு மேல் கூடிவிட்டது. அதே மாதங்களில் என் அண்ணன், அரச உத்தியோகத்தர், அரைச் சம்பளக்காரர் மாதிரி ஆகிவிட்டார். நாங்கள் இரண்டு பேருமே ஒரு பிழையும் செய்யவில்லை, ஒரு கெட்டித்தனமும் செய்யவில்லை. அன்றிலிருந்து சம்பளத்தின் தொகையைப் பார்த்து ஆளை மதிப்பதை விட்டுவிட்டேன்.

ஆனால் பெருமைப்படவும் இல்லை. கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குச் சீமெந்து, கம்பி எல்லாம் அதே வேகத்தில் ஏறின. கூடுதலாக வந்தது பெரும்பாலும் அங்கேயே போனது.

நான் எப்படி மிச்சம் பிடிக்கிறேன் என்றால், ஒரு அறையில் நாலு பேர், எனக்கு ஒரு கட்டில். குடும்பத்தைக் கூப்பிட்டால் வாடகைக்கு வருஷத்தில் நாலு செக், பிள்ளைகளின் ஸ்கூல் கட்டணம், அத்தோடு ஒன்றும் மிஞ்சாது. வேலை போனால் விசாவும் போகும். பென்ஷன் கிடையாது. வேலையை விட்டுப் போகும்போது, முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 21 நாள் அடிப்படைச் சம்பளம் சேவைப் பணமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஊரில் என் வீட்டைப் பார்ப்பவர்கள் என்னைப் பணக்காரன் என்கிறார்கள். என் மூத்தவளுக்குப் பதினொரு வயது. அவள் பிறந்த நாளில் நான் வீட்டில் இருந்தது இரண்டு முறை.

அக்கா, நீங்கள் குடும்பத்தோடு போகிறீர்கள். மிச்சம் குறைந்தாலும் அது என்னுடையதை விட நல்ல வாழ்க்கை. அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

---

தெஹிவளை வாத்தியார் எழுதியது:

பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஹாரோத் தம்பி சொன்ன பெருக்கலைப் பற்றி ஒரு வார்த்தை.

நாணய மாற்று விகிதம் துறைமுகத்தில் ஏறி இறங்குகிற பொருளுக்குத்தான் ஓரளவு சரியாகப் பொருந்தும். மடிகணினி, பால்மா, பெற்றோல் மாதிரி. வரியை விட்டுப் பார்த்தால் அவை கொழும்பிலும் இலண்டனிலும் கிட்டத்தட்ட ஒரே விலை, வரியையும் தடையையும் சேர்த்தால் சில பொருள் இங்கே மிகவும் கூட. காரைப் பாருங்கள். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இங்கே ஒரு சின்னப் பழைய கார் வாங்க ஆசைப்படுகிற நடுத்தரக் குடும்பம் பல வருஷச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். இலண்டனில் அப்படி ஒரு காரை மூன்று மாதச் சம்பளத்தில் வாங்கலாம்.

ஆனால் முடி வெட்டுபவரின் அரை மணி நேரம், சமையலுக்கு உதவுகிற அம்மாவின் காலை, ரியூசன் வாத்தியாரின் மாலை, இவற்றைக் கப்பலில் ஏற்ற முடியாது. அவற்றின் விலையை அந்தந்த ஊர்ச் சம்பளம்தான் தீர்மானிக்கிறது. அதனால்தான் உலக வங்கி நாடுகளை ஒப்பிடும்போது மாற்று விகிதத்தை மட்டும் பார்க்காமல், ஒரே கூடைப் பொருட்களும் சேவைகளும் ஒவ்வொரு நாட்டிலும் என்ன விலை என்று தனியாகக் கணக்கெடுக்கிறது. கொள்வனவுச் சக்தி என்று நாங்கள் வகுப்பில் சொல்வது அதைத்தான்.

பிள்ளை, அந்தக் கூடை நாட்டின் சராசரிக் கூடை. உன் கூடை உனக்கு மட்டும். மனித உழைப்பை அதிகம் வாங்குகிற குடும்பத்துக்குக் கொழும்பு மலிவு. கார், போன், விமான டிக்கெட், பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு என்று ஆசைப்படுகிற குடும்பத்துக்குக் கொழும்பு பயங்கர விலை. உன் பட்டியலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகையும் பராமரிப்பும்தான். அது கொழும்பின் விலைகூட இல்லை, அந்த ஒழுங்கையின் விலை. இரத்மலானைக்கு நகர்ந்தால் எவ்வளவு குறையும் என்று பார்த்தாயா?

உன் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்குச் சம்பளம் குறைவு, ஆனால் வளவு இருக்கிறது. அந்த வளவு மாதாமாதம் வாடகையும் தேங்காயும் தண்ணீரும் தருகிறது, அதைச் சம்பளச் சீட்டில் எழுதுவதில்லை. சம்பளம் வாய்க்கால் மாதிரி ஓடுகிறது. அவனிடம் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. வாய்க்கால்களின் அகலத்தை மட்டும் அளந்து உங்கள் இருவரையும் ஒப்பிட்டால் விடை பிழைத்துப்போகும்.

---

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தங்கச்சி, எல்லோரும் பெரிய கணக்குச் சொல்கிறார்கள். உன் கணக்கிலேயே ஒரு ஓட்டை இருக்கிறது. கணக்காளர் நீ விட்டுவிட்டாய்!

சேமலாப நிதிக்கு 24,000 "போகிறது" என்று எழுதியிருக்கிறாய். எங்கே போகிறது? உன் பேரில்தான் சேர்கிறது. கம்பனி 12 வீதம் போடுகிறது, அது 36,000. இரண்டும் 60,000. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கும் கம்பனி 3 வீதம் போடுகிறது, 9,000. மாதம் 69,000 நீ சேமிக்கிறாய். மிச்சம் 14,000 என்று சொல்லாதே.

நான் 27 வருஷம் ஒரு தையல் ஆலையில் மேற்பார்வை வேலை பார்த்தேன். பெரிய சம்பளம் கிடையாது. ஐம்பது வயதில் அந்தக் காசை எடுத்துத்தான் கொட்டாஞ்சேனையில் இந்தச் சின்ன வீட்டின் கடனை முடித்தேன். அந்த நிதி இல்லாவிட்டால் நான் இன்றும் வாடகை வீட்டில்தான். 2022இல் அந்தக் காசின் பெறுமதி கரைந்தது என்பதும் உண்மை. 9 வீத வட்டி எங்கே, அந்த வருஷ விலைவாசி எங்கே. எனக்குத் தெரிந்த பலர் அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றார்கள், பாவம். ஆனாலும் இல்லாததை விட இருந்தது நல்லது. வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் முன்கூட்டியே 30 வீதம் எடுக்க வழி இருக்கிறது, பத்து வருஷம் கட்டியவர்களுக்கு. நிரந்தரமாக வெளிநாடு போனால் முழுவதும் எடுக்கலாம். விசாரித்துப் பார்.

மட்டக்குளிப் பையன் சொன்னதையும் மனதில் வை. அவன் குறை சொல்லவில்லை.

---

வெள்ளவத்தை மாடிவீடு மறுபடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இவரும் நானும் பிள்ளைகள் தூங்கிய பிறகு இதைத்தான் கதைக்கிறோம்.

முதலில் மட்டக்குளித் தம்பிக்கு. நீங்கள் சொன்னது சரி. நான் ஏழை என்று எங்கும் எழுதவில்லை என்று முதலில் மனதுக்குள் வாதாடினேன். பிறகு திரும்ப வாசித்துப் பார்த்தேன், அப்படித்தான் ஒலிக்கிறது. எங்களுக்குத் தெரிவு இருக்கிறது. மகனின் பள்ளியை மாற்றலாம், வீட்டை மாற்றலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். உங்களுக்கு இந்த மூன்றும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனை அக்கா, வாசித்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. எத்தனையோ பேரின் சேமலாப நிதியை நான் அலுவலகத்தில் சரிபார்த்திருக்கிறேன். என்னுடையதைச் செலவு என்றே நினைத்திருக்கிறேன். பதின்மூன்று வருஷம் கட்டியிருக்கிறேன். நாளைக்கு மீதியைப் பார்க்கக் கேட்டிருக்கிறேன்.

வாத்தியார் ஐயா, இரத்மலானையைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு வீடு பார்த்தோம். 70,000க்கு நல்ல வீடு இருக்கிறது, ரயிலும் இருக்கிறது. ஆனால் இவரின் ரியூசன் பிள்ளைகள் எல்லாம் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பிள்ளைகள். அங்கே போனால் பாதிப் பேர் வரமாட்டார்கள். 40,000 மிச்சம் பிடிக்கப் போய் 30,000ஐ இழப்போம். ஸ்கூல் வானும் கூடும். வாடகையைத் தனியாக வெட்டி எடுக்க முடியவில்லை. எங்கள் வருமானமே இந்த ஒழுங்கையோடு பின்னிக் கிடக்கிறது. இதை வீட்டைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

ஹாரோ அண்ணா, நீங்கள் சொன்ன 420 பவுணைத்தான் நாங்கள் மிக அதிகமாகக் கதைத்தோம். அங்கே செலவழித்தால் அது நெருக்கம். இங்கே அனுப்பினால் 168,000 ரூபா. அப்பாவின் மருந்துக்கு எட்டு மாதக் காசு. ஒரே காசுதான், எந்த ஊரில் உடைக்கிறோம் என்பதில் வேறாகிறது. அப்போது இவர் ஒரு கேள்வி கேட்டார். "நாங்கள் எங்கே கிழமாகப் போகிறோம்?" எனக்குப் பதில் வரவில்லை. கோப்பாய்க்குத் திரும்பப் போகிறோம் என்றால், மூன்று வருஷம் நெருக்கிப் பிடித்து வாழ்ந்து, சேர்ப்பதை இங்கே அனுப்பி ஒரு வீடு கட்டலாம். அங்கேயே இருக்கப் போகிறோம் என்றால், அந்த 420இல் அங்கே வீட்டுக்கு முன்பணம் சேர்க்க எத்தனை வருஷம் பிடிக்கும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே வேலை, ஒரே சம்பளம். ஆனால் எனக்கு அவை இரண்டு வேறு வேலைகள் மாதிரித் தெரிகின்றன.

ஷார்ஜாத் தம்பி, உங்கள் கடைசி வரியை இவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் எழுந்து போய்ப் பிள்ளைகளின் அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். நான் முதலில் தனியாகப் போய் ஆறு மாதம் பார்ப்பது என்று ஒரு யோசனை இருந்தது. அதை விட்டுவிட்டோம். போனால் நாலு பேரும்தான்.

இப்போது செய்திருப்பது இதுதான். கம்பனிக்கு நேற்று மின்னஞ்சல் போட்டேன். நாலு பேருக்கும் சுகாதாரக் கட்டணத்தைக் கட்டுவார்களா, இல்லாவிட்டால் கடனாகத் தந்து சம்பளத்தில் மாதாமாதம் கழிப்பார்களா என்று கேட்டிருக்கிறேன். 43 இலட்சம் எங்களிடம் இல்லை. சீட்டுப் போட்டும் வராது, நகையை வைத்தாலும் வராது. அதனால் இதற்கு அவர்கள் இல்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் தம்பி இருக்கிறான், நீ போ" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அண்ணா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அங்கே சம்பளச் சீட்டோ, பழைய வீட்டுக்காரரின் கடிதமோ இல்லாமல் புதிதாக வருகிற குடும்பத்துக்கு வீடு கொடுப்பார்களா? எத்தனை மாத வாடகையை முன்னாலே கேட்பார்கள்? இங்கே மாதிரி ஆறு மாதம் என்றால் அதையும் கம்பனிக் கடிதத்தில் சேர்த்துக் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர்களோடு கதைக்கிறேன்.

---

ஹாரோவிலிருந்து எழுதியது:

வைப்புப் பணம் சட்டப்படி ஐந்து கிழமை வாடகைக்கு மேல் கேட்க முடியாது, வருஷ வாடகை 50,000 பவுணுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு. ஆனால் புதிதாக வருபவர்களிடம் உத்தரவாதத்துக்கு ஆள் கேட்பார்கள். கம்பனி ஒரு கடிதத்தில் சம்பளத்தையும் வேலைக் காலத்தையும் எழுதித் தந்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதை வெள்ளிக்கிழமைப் பட்டியலில் போடுங்கள். முதல் ஒரு மாதம் தங்குவதற்கும் கேளுங்கள். நான் வந்த நாளில் கேட்கத் தெரியாமல் ஒரு உறவினர் வீட்டு வரவேற்பறையில் ஏழு கிழமை படுத்தேன்.